துணி விஷயத்தில் நல்லது என்று நினைத்துச் செய்கிற தவறுகள்

"இனிமேல் சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் இல்லாத துணிதான்" என்று முடிவெடுத்த கையோடு அலமாரியைக் காலி செய்துவிட்டு நாலு ஆர்கானிக் காட்டன் குர்தா வாங்குவதுதான் முதல் தவறு. நானும் செய்திருக்கிறேன். பழைய சட்டைக்கான பஞ்சு, தண்ணீர், சாயம் எல்லாம் ஏற்கெனவே செலவாகிவிட்டன, அதை இன்னும் இரண்டு வருஷம் போட்டால் புதிதாக ஒன்றுக்கு அதே செலவு ஆகாது, அவ்வளவுதான் கணக்கு.

அடுத்தது, பஞ்சு சுத்தமாக இருந்தால் துணியும் சுத்தம் என்று நம்புவது. சாயத்தை மறந்துவிடுகிறோம். திருப்பூர்ப் பக்கம் நொய்யல் ஆற்றைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாசனத்துக்கென்று 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி, அந்தத் தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று விவசாயிகளே சொல்லும்படி ஆனது. அவர்கள் போட்ட வழக்கில்தான் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதற்கப்புறம், கழிவுநீரைச் சுத்திகரித்து மறுபடியும் சாயம் போடவே பயன்படுத்தினால்தான் பட்டறை ஓடலாம் என்ற நிலை. அதற்குச் செலவு அதிகம். 99 ரூபாய் டி-ஷர்ட்டில் அந்தச் செலவு எங்கே இருக்கிறது என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு வாங்குங்கள். நாம் கடையில் பார்த்துப் பார்த்து வாங்குவதால் மட்டும் ஆறு சரியாகிவிடாது, வழக்குப் போட்டவர்களும் வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

லேபிளை அப்படியே நம்பாதீர்கள். மூங்கில் துணி என்று மிருதுவாக விற்பது பெரும்பாலும் மூங்கிலை ரசாயனத்தில் கூழாக்கி நூலாக இழுத்த விஸ்கோஸ்தான். பழைய பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கிச் செய்த டி-ஷர்ட்டும் பாலியஸ்டர்தான், துவைக்கத் துவைக்க நுண்ணிய பிளாஸ்டிக் இழை சாக்கடைக்குப் போகும். வேர்த்தால் துவைக்கத்தான் வேண்டும், ஆனால் ஜீன்ஸை ஒருநாள் போட்டதற்கெல்லாம் மெஷினில் போட வேண்டாம்.

அப்புறம் தானம். வெள்ளம் வந்தால் மூட்டை மூட்டையாகத் துணி அனுப்புகிறோம். ஒரு தடவை நிவாரணத் துணியைப் பிரிக்க உட்கார்ந்தேன்: ஊக்கு இல்லாத ஜாக்கெட், ஜிப் போன பேன்ட், மஞ்சள் ஏறிய பனியன், நடுவில் ஜோடி இல்லாத ஒரு சாக்ஸ். பாதிக்கு மேல் குப்பைக்குத்தான் போனது. நீங்கள் போட மாட்டேன் என்று ஒதுக்கியதை இன்னொருவர் ஏன் போட வேண்டும்? கிழிந்த காட்டன் வீட்டிலேயே கரித்துணி ஆகட்டும், நன்றாக இருப்பதைத் துவைத்து, மடித்து, யாருக்கு என்று தெரிந்து கொடுங்கள்.

கடைசியாக, தையல்காரரை மறந்தது. முன்பெல்லாம் ஜாக்கெட்டோ பாவாடையோ தைக்கக் கொடுக்கும்போதே "உள்ளே துணி விட்டுத் தையுங்க அண்ணே" என்பார்கள், பிள்ளை வளர்ந்தால் பிரித்துவிடலாம். ரெடிமேடில் அந்த அரை இஞ்சையும் வெட்டிவிடுகிறார்கள். வாங்கும்போது சட்டையைத் திருப்பி உள்தையலைப் பாருங்கள், பிரித்துவிட இடம் இல்லை என்றால் வைத்துவிடுங்கள். போன மாதம் காலர் நைந்த சட்டை ஒன்றைத் தெருமுனைக் கடையில் கொடுத்தேன். "இதுக்குப் புதுசே வாங்கிடலாமே சார்" என்று சலித்துக்கொண்டேதான் காலரைப் பிரித்து, திருப்பிப் போட்டுத் தைத்துக் கொடுத்தார். அந்தச் சட்டையைத்தான் இப்போதும் போட்டிருக்கிறேன்.