வெளிநாட்டிலிருந்து வடசென்னைக்குக் குடிவந்தவர்களுக்கு: எம்பிபிஎஸ், பிடிஎஸ் விண்ணப்பம்

துபாயிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ மூட்டை கட்டிக்கொண்டு ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் குடிவரும் குடும்பங்கள் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்விகள் இரண்டு. "தண்ணி எத்தனை மணிக்கு வரும்?", "பொண்ணுக்கு மெடிக்கல் சீட் கிடைக்குமா?" முதல் கேள்விக்கு மாடி வீட்டு அக்கா பதில் சொல்லிவிடுவார். இரண்டாவதற்குத் தெருவே பதில் சொல்லும்; அதில் பாதி தப்பு.

அதிகம் சுற்றும் தப்பு இது: "ப்ளஸ் ஒன்னுக்கு கவர்மென்ட் ஸ்கூல்ல போட்டுடுங்க, 7.5 பர்சன்ட்ல சீட் வந்துடும்." 2020-இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த அந்த உள் ஒதுக்கீடு 6-ம் வகுப்பு முதல் ப்ளஸ் டூ வரை இங்குள்ள அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. எட்டாவது வரை அபுதாபியில் படித்த பிள்ளைக்கு அது பொருந்தாது. பள்ளி நன்றாக இருக்கிறது என்று சேர்த்தால் சரி, சீட்டுக்காக மட்டும் மாற்றாதீர்கள்.

மருத்துவப் படிப்புக்கான நுழைவுத் தேர்வான நீட் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை, பிள்ளைக்கே தெரிந்திருக்கும். இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90 என்று 180 கேள்விகள், மொத்தம் 720 மார்க். சரியான விடைக்கு 4, தப்பானால் 1 கழியும். எம்பிபிஎஸ், பல் மருத்துவமான பிடிஎஸ் இரண்டுக்கும் இதே ஒரு தேர்வுதான். சேரும் வருடம் டிசம்பர் 31-க்குள் 17 வயது முடிய வேண்டும். வினாத்தாள் மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுத்தால் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த தாள் வரும், ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்தால் ஆங்கிலம் மட்டும். ஆனால் வெளிநாட்டுப் பாடத்திட்டத்தில் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே மூன்று பாடம் எடுத்தால் போதும் என்று இயற்பியலை விட்டுவிடுகிறார்கள். இங்கே இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் நான்கும் இல்லாமல் விண்ணப்பமே நிற்காது.

மார்க் வாங்கும் பிள்ளைகளையும் உண்மையில் இழுத்தடிப்பது காகிதம்தான். முதலில் பெயர். பாஸ்போர்ட்டில் 'கார்த்திகா செல்வராஜ்', ஆதாரில் 'செ. கார்த்திகா', பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டில் 'கார்த்திகா எஸ்' என்று ஒரே பெண் மூன்று பேராக இருப்பாள். அரபு நாட்டில் இனிஷியல் செல்லாது என்று அப்பா பெயரைப் பின்னால் ஒட்டியிருப்பீர்கள். இங்கே இனிஷியல் முன்னால் வந்து நிற்கும். நீட் விண்ணப்பத்தில் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடிதான் பெயர் போக வேண்டும். அதனால் ஆதாரை அதற்கேற்ப மாற்றுங்கள், அதுவும் ப்ளஸ் ஒன் படிக்கும்போதே. விண்ணப்பம் திறந்த பிறகு ஆதார் மையத்தில் டோக்கன் வாங்கிக்கொண்டு நிற்பது பெரிய கொடுமை. இந்திய பாஸ்போர்ட் உள்ள பிள்ளைக்கு ஊர் வந்ததுமே ஆதார் எடுக்கலாம். பள்ளி டிசியில் அங்குள்ள இந்தியத் தூதரகத்தின் சான்றொப்பம் கேட்பார்கள். கிளம்பும் முன் வாங்கிவிட்டால் நல்லது.

அடுத்தது நேட்டிவிட்டி சர்டிபிகேட். 6 முதல் ப்ளஸ் டூ வரை தமிழ்நாட்டில் படித்த பிள்ளையிடம் பள்ளிச் சான்றே போதுமென்பார்கள். வெளியில் படித்த பிள்ளை தமிழ்நாட்டுக்காரர்தான் என்று காட்ட இந்தச் சான்றும், கூடவே அப்பா அம்மா இங்கே படித்ததற்கான சான்றிதழ்களும் தேவைப்படும். அப்பாவின் பழைய பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட் பரணில் கிடந்தால் இறக்கி வையுங்கள். விண்ணப்பம் இ-சேவை மையத்தில். அங்கிருந்து விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் என்று மேசை மேசையாகப் போகும். பெரம்பூர், தண்டையார்பேட்டை, மாதவரம், திருவொற்றியூர் எல்லாம் தனித்தனித் தாலுகா. உங்கள் தெரு எதில் வருகிறது என்று கேட்டுவிட்டுப் போங்கள். சாதிச் சான்றுக்குப் பெரும்பாலும் அப்பாவின் சொந்த ஊர் தாலுகாவுக்கே போக வேண்டிவரும். ராமநாதபுரத்துக்காரர் கொருக்குப்பேட்டையில் வாடகைக்கு வந்து ஒரு மாதத்தில் இங்கேயே அதை வாங்கிவிடலாம் என்று நினைக்கக் கூடாது.

இன்னொரு சிக்கல்: மாநிலத்தின் பிசி, எம்பிசி சான்று வேறு, மத்திய அரசின் ஓபிசி சான்று வேறு. அகில இந்திய இடங்களுக்கு மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் (பிற்படுத்தப்பட்டோரில் வசதியான பிரிவு) வரவில்லை என்ற ஓபிசி சான்று வேண்டும். மாநிலச் சான்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பொதுப்பிரிவில் தள்ளப்பட்டவர்கள் உண்டு.

ப்ளஸ் டூவை வெளிநாட்டு வாரியத்தில் முடித்திருந்தால் அது இங்குள்ள ப்ளஸ் டூவுக்குச் சமம் என்ற இணைச் சான்றை இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கமான ஏஐயுவிடம் வாங்க வேண்டும். கிண்டி எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் தகுதிச் சான்றும் கேட்பார்கள். வளைகுடாவில் சிபிஎஸ்இ படித்தவர்களுக்கு ஏஐயு தொல்லை இல்லை. பிள்ளையிடம் வெளிநாட்டு பாஸ்போர்ட்டோ ஓசிஐ அட்டையோ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) இருந்தால், மற்ற எதற்கும் முன் அந்த வருடத்து விண்ணப்பக் கையேட்டில் குடியுரிமைப் பகுதியைப் படித்துவிடுங்கள்.

மார்க் வந்த பிறகு இரண்டு கவுன்சலிங். அரசுக் கல்லூரி இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீடு, மத்திய அரசின் மருத்துவக் கவுன்சலிங் குழுவான எம்சிசி நடத்துவது. மீதி 85 சதவீதம் கீழ்ப்பாக்கத்தில் உள்ள மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக்குழு நடத்துவது. ஒன்றில் பதிந்தால் மற்றொன்றுக்கும் சேர்த்துப் பதிந்ததாகாது. மாநிலத்தில் அரசு ஒதுக்கீட்டுக்கும் நிர்வாக ஒதுக்கீட்டுக்கும்கூட விண்ணப்பம் தனித்தனி. எம்சிசியில் முதல் சுற்று இடம் பிடிக்காவிட்டால் சேராமல் விடலாம். இரண்டாம் சுற்றில் விட்டால் கட்டிய வைப்புத்தொகை போகும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கு அந்தத் தொகை 2 லட்சம், ஆகவே ஆசைக்காக அங்கே டிக் அடிக்காதீர்கள்.

நம் பக்கத்துக் கனவு ஸ்டான்லிதான். கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்று பழைய ஆட்கள் இன்னும் சொல்லும் அந்த வளாகத்தில் 250 எம்பிபிஎஸ் இடங்கள். வீட்டிலிருந்தே போகலாம் என்பதால் அதை முதலில் போடச் சொல்லிப் பெற்றோர் பிடிவாதம் பிடிப்பார்கள். ஓபி வரிசையைப் பார்த்தால் பிள்ளை அங்கே எவ்வளவு கற்றுக்கொள்வாள் என்பது புரியும், பிடிவாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் கட்-ஆஃப் ஒத்துழைக்காவிட்டால் தூரத்து மாவட்ட அரசுக் கல்லூரியை, பக்கத்துத் தனியார் கல்லூரிக்கு மேலே வைக்கத் தயங்காதீர்கள். பட்டம் ஒன்றுதான், கட்டணம் ஒன்றல்ல.

பிடிஎஸ்ஸை எம்பிபிஎஸ் கிடைக்காதவர் எடுப்பது என்று பேசுவதை வீட்டிலாவது நிறுத்துங்கள். கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகே உள்ள அரசுப் பல் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைப்பது சாதாரண விஷயமில்லை. நான்கு வருடப் படிப்பு, ஒரு வருடப் பயிற்சி. கையால் நுணுக்கமாக வேலை செய்ய விருப்பமிருக்கிறதா என்று பிள்ளையிடமே கேளுங்கள். விருப்பமில்லாமல் சேர்ந்துவிட்டு அடுத்த வருடம் மறுபடி நீட் எழுதலாம் என்று திட்டமிட்டால், இடையில் விலகுவதற்கான அபராத விதியைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

தரகர்கள் வருவார்கள். "மேனேஜ்மென்ட் சீட், நமக்கு உள்ளே ஆள் இருக்கு" என்பார்கள். நிர்வாக ஒதுக்கீடும் கவுன்சலிங் வழியாகத்தான் நிரம்புகிறது. நீட் தேறாமல் யாரும் உள்ளே போக முடியாது. வெளிநாட்டில் எம்பிபிஎஸ் படிக்க அனுப்பினாலும், பின்னால் இங்கே மருத்துவம் பார்க்க நீட் தகுதி, 54 மாதப் படிப்பு, அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சி, ஆங்கில வழிப் பாடம் எல்லாம் வேண்டும்.

சித்தாவுக்கும் நீட் மார்க்தான், ஆனால் கவுன்சலிங் அரும்பாக்கத்தில் தனி. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி உள்ளிட்ட மாநில இடங்களுக்கு ப்ளஸ் டூ மார்க்தான் கணக்கு. அந்த விண்ணப்பத்தைக் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் தானே வாங்குகிறது, கடைசித் தேதியும் வேறு. நீட் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் அதைப் போட்டுவிடுங்கள்.