விரிசல் விட்ட என்ஜின் பிளாக்: காரணமறிந்து சரிசெய்யும் முறை

பழைய வண்டியின் என்ஜின் பிளாக்கில், அதாவது சிலிண்டர்களைக் கொண்ட வார்ப்பிரும்பு உடலில், விரிசல் விழுந்துவிட்டால், வெல்டிங் கம்பியைக் கையில் எடுப்பதற்கு முன், அது ஏன் விழுந்தது, எந்த இடத்தில் விழுந்தது என்ற இரண்டையும் தீர விசாரிக்க வேண்டும்.

கடுங்குளிரில் ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருந்தால், அது உறையும்போது பருமன் ஏறத்தாழ 9 சதவீதம் கூடி, தண்ணீர் ஓடும் அறையின் வெளிச்சுவரைப் பிளந்துவிடும். கூலன்ட் வற்றிக் கொதித்த என்ஜினில் பதறிப்போய்ப் பச்சைத் தண்ணீரை ஊற்றுவதும் வார்ப்பிரும்பை வெடிக்கச் செய்யும். எல்லாவற்றிலும் கொடியது, ஆயில் வற்றி பேரிங் இறுகி, பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட் முறிந்து பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே வருவதுதான்.

விரிசலின் முழு நீளமும் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. ஆகவே பிளாக்கை வெறுமையாகக் கழற்றி, எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவிக் காயவைத்து, விரிசல் காட்டும் சிவப்புச் சாயத்தைத் தடவி, சிறிது நேரம் ஊறவிட்டுத் துடைத்தபின் சாயத்தை வெளியே இழுத்துக் காட்டும் வெள்ளை டெவலப்பரைத் தெளிக்க வேண்டும். வெள்ளைப் பரப்பில் மயிரிழை போன்ற சிவப்புக் கோடு மெல்லக் கசிந்து வரும். அது முடியும் இடமே விரிசலின் உண்மையான முனை.

வெளிச்சுவர் விரிசலுக்கு, சூடேற்றாமல் தைக்கும் முறையே என் கணிப்பில் மிகவும் நம்பகமானது. முதலில் இரு முனைகளிலும் சிறு துளையிட்டு விரிசல் மேலும் ஓடாமல் நிறுத்த வேண்டும். பிறகு விரிசலின் மேலேயே துளையிட்டு, மரை வெட்டி, சீலன்ட் தடவிய திருகை இறுக்கி, தலையை வெட்டிவிட்டு, அடுத்த துளையை முந்தைய திருகின் ஓரத்தைக் கடித்தவாறு போட வேண்டும். இப்படியே சங்கிலிபோல் முழு நீளத்துக்கும் திருகுகளை இறக்கி, விரிசலின் இரு பக்கங்களையும் சேர்த்துப் பிடிக்கும் பூட்டுத் தகடுகளைக் குறுக்கே பதித்து, கடைசியில் மட்டமாகத் தேய்க்க வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். ஆனால் இரும்பு சூடாவதில்லை என்பதால் புது விரிசலுக்கு இடமில்லை.

வெல்டிங்தான் வேண்டுமென்றால், பிளாக் முழுவதையும் சீராகச் சூடேற்றி, நிக்கல் கம்பியால் சிறுசிறு துண்டுகளாகப் பற்றவைத்து, ஒவ்வொன்றையும் சுத்தியலால் மெல்லத் தட்டி, உலர்ந்த மணலில் புதைத்து மிக மெதுவாக ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் பற்றவைத்த இடத்தின் ஓரத்திலேயே மறுபடியும் பிளக்கும். எபாக்சி பசை வெளிச்சுவர்க் கசிவுக்கு மட்டுமே உதவும்.

சிலிண்டர் சுவரில் விரிசல் என்றால், போரிங் செய்து (உட்புறத்தை அகலமாகக் கடைந்து) லைனர் எனும் உலோக உறையை இறக்கலாம். கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் மெயின் பேரிங் பகுதியே பிளந்திருந்தால், வேறு பிளாக் தேடுவதே நல்லது.

சரிசெய்த பிளாக்கின் தண்ணீர் வழிகளை அடைத்து, உள்ளே காற்றழுத்தம் கொடுத்து, வெந்நீரில் அமிழ்த்திக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். தெர்மோஸ்டாட்டையும் ரேடியேட்டர் மூடியையும் சோதித்து, கூலன்ட்டையும் தண்ணீரையும் சரிபாதியாகக் கலந்து ஊற்றிய பின்னரே என்ஜினை ஓட்டிப் பார்க்க வேண்டும். அப்போது ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்தால், கூலன்ட் ஆயிலில் கலக்கிறது என்று பொருள்; அந்த நொடியே நிறுத்திவிடுங்கள்.