த்ரீ நாட் த்ரீயா, மவுசரா? பேச்சு வழுக்கும் இடங்கள்

பெரம்பூர், அயனாவரம் பக்கம் பழைய என்சிசிக்காரர் ஒருவரும் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஓய்வு பெற்ற ஃபிட்டர் ஒருவரும் சேர்ந்துவிட்டால், பேச்சு எப்படியோ பழைய ரைபிள்களுக்கு வந்துவிடும். "மவுசர்தான்ணே கெட்டி" என்பார் ஃபிட்டர். "நாங்க புடிச்சது த்ரீ நாட் த்ரீ, அதுக்கு ஈடு கிடையாது" என்பார் மற்றவர். மவுசர் ஜெர்மன் ரைபிள், த்ரீ நாட் த்ரீ என்பது பிரிட்டிஷ் லீ என்ஃபீல்டு. இருவர் சொல்வதும் சரிதான். ஆனால் ஒருவர் பேசுவது பலம், இன்னொருவர் பேசுவது நம்பகம். இரண்டையும் ஒரே தராசில் வைப்பதுதான் பெரிய தவறு.

1898 மவுசரில் போல்ட்டின் (தோட்டா அறையை மூடித் திறக்கும் இரும்புத் தண்டு) முன்நுனியிலேயே இரண்டு பூட்டுக் காதுகள் (அதைப் பூட்டி நிறுத்தும் புடைப்புகள்), பாதுகாப்புக்காகப் பின்பக்கம் மூன்றாவது ஒன்று. வெடி அழுத்தம் பிறக்கும் இடத்திலேயே தாங்கிக்கொள்ளும். லீ என்ஃபீல்டில் காதுகள் பின்பக்கம் இருப்பதால் அழுத்தத்தில் போல்ட் லேசாகக் கொடுக்கும். படத்தில் பார்த்தால் இது குறை. ஆனால் அதன் கைப்பிடியைக் கொஞ்சம் தூக்கினால் போதும், இழுக்கும் தூரமும் குறைவு, மேகசினில் 10 தோட்டா. மவுசரில் 5தான். அதனால் லீ என்ஃபீல்டில் வேகமாகச் சுடலாம். முதல் உலகப் போருக்கு முன்பே பிரிட்டிஷ் சிப்பாய்க்கு நிமிடத்துக்கு 15 முறை குறிபார்த்துச் சுடும் பயிற்சி இருந்தது.

துல்லியம் இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் கனடாவின் ராஸ் ரைபிளைப் பார்க்க வேண்டும். குறி தப்பாத துப்பாக்கி. போல்ட்டைத் திருப்பக்கூட வேண்டாம், நேராக இழுக்கலாம். 1915இல் பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் அதுவே சிப்பாய்களின் கழுத்தை அறுத்தது. சேறு மட்டும் காரணமில்லை. அதன் தோட்டா அறை இறுக்கமானது. பிரிட்டனிலிருந்து வந்த தோட்டாக்களோ அளவில் கொஞ்சம் முன்னே பின்னே. நாலு ரவுண்டு சுட்டுச் சூடேறியதும் போல்ட் சிக்கிக்கொள்ளும், பூட்ஸ் காலால் உதைத்துத் திறக்க வேண்டிவரும். கடைசியில் பல கனடியர்கள் விழுந்து கிடந்த பிரிட்டிஷ் வீரர்களின் லீ என்ஃபீல்டை எடுத்துக்கொண்டார்கள். டாலரன்ஸ் (அளவில் எவ்வளவு வித்தியாசம் தாங்கும் என்பது) என்றால் என்னவென்று தெரிந்த ஃபிட்டருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அடுத்த தவறு, டிசைனை வைத்தே சரக்கை எடைபோடுவது. அமெரிக்காவின் 1903 ஸ்பிரிங்ஃபீல்டு மவுசர் வழியில் வந்தது. அதற்காக மவுசர் கம்பெனிக்கு ராயல்டியும் கட்டினார்கள். ஆனால் ஆரம்ப காலத்தில் உலையில் இரும்பு பழுத்த நிறத்தைக் கண்ணால் பார்த்தே சூட்டை முடிவு செய்தார்கள். வெயில் நாளில் ஒரு நிறம், மேகமூட்டத்தில் ஒரு நிறம். சூடு மிஞ்சியவை உள்ளுக்குள் நொறுங்கும் தன்மைக்கு வந்து, சில வெடித்தும் போயின. அதனால்தான் ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையில் தயாரானவற்றில் வரிசை எண் 8 லட்சத்துக்குக் கீழ் இருந்தால் சுடாதே என்கிறார்கள். டெம்பர் (இரும்பைச் சூடாக்கிப் பதப்படுத்துவது) சரியில்லை என்றால் எந்த டிசைனும் காப்பாற்றாது.

நம்மூரில் மட்டும் கேட்கும் ஒரு தவறும் உண்டு: இஷாபூர் 2ஏ1 என்ற நம் நாட்டு ரைபிள், பழைய த்ரீ நாட் த்ரீக்குக் குழாய் மாற்றியது என்பது. இல்லை. 1962 சீனப் போருக்குப் பிறகு 7.62 நேட்டோ தோட்டாவுக்காக, மேலான எஃகில் புதிதாகவே செய்யப்பட்டது. மேகசின் 12 தோட்டா, பார்த்தால் சதுரமாகத் தெரியும்.

அப்புறம், குழாய்க்குள் துரு பிடித்திருந்தால் துப்பாக்கியைத் திட்டுவது. பழைய தோட்டாக்களின் பிரைமர் (தோட்டாவின் அடியில் முதலில் தீப்பற்றும் மருந்து) வெடித்தபின் உப்பை விட்டுச்செல்லும். அது ஈரத்தை இழுக்கும். காசிமேடு, ராயபுரம் கடல்காற்றில் ஜன்னல் கம்பிக்கே கதி என்ன என்று நமக்குத் தெரியும். அந்த உப்பு எண்ணெயில் கரையாது. முதலில் கொதிநீரை ஊற்றிக் கழுவ வேண்டும், காய்ந்தபின்தான் எண்ணெய். இதைச் செய்யாதவன் கையில் மவுசரும் ஒன்றுதான், ராஸும் ஒன்றுதான்.

இன்னொன்று, லீ என்ஃபீல்டின் போல்ட்டை அந்தந்தத் துப்பாக்கிக்கென்றே பொருத்தியிருப்பார்கள். போல்ட் கைப்பிடியில் உள்ள எண்ணும் உடலில் உள்ள எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால், அது வேறு துப்பாக்கியின் போல்ட். அதை வைத்து "என்ஃபீல்டு சரியில்லை" என்று தீர்ப்பு சொல்லாதீர்கள்.