ஹார்ஸ் ஷோ, டாக் ஷோ போட்டோ: டிரெடிஷனலா எடுக்கிறதா, ஆர்ட்டிஸ்டிக்கா எடுக்கிறதா

ஷோவுக்கு கேமரா தூக்கிட்டு போற புதுசுங்க எல்லாரும் கேக்குற கேள்வி இது. பதில் சிம்பிள்தான், அந்தப் படத்தை யார் பாக்கப் போறாங்கன்னு மொதல்ல முடிவு பண்ணுங்க. இனப்பெருக்கம் பண்ணி குட்டி விக்கிற பிரீடர், ஜட்ஜ், குட்டி வாங்க வர்றவங்க பாக்கப் போறாங்கன்னா டிரெடிஷனல், ஏன்னா அவங்களுக்கு அந்த மிருகத்தோட உடம்பு எப்படி அமைஞ்சிருக்குன்னு தெரியணும். தினமும் அதுக்கு சோறு வச்சு குளிப்பாட்டி விடுறவங்க வீட்டு சுவத்துல மாட்டப் போறாங்கன்னா ஆர்ட்டிஸ்டிக். ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு எடுக்கலாம்னு நினைச்சு, அழகா ஸ்டாக் பண்ணி, அதாவது உடம்பு அமைப்பு தெரியுற மாதிரி கால் வச்சு, நிக்கிற நாய கேமராவ சாய்ச்சு வச்சு, பாதம் புல்லுல மறைஞ்சு, பின்னாடி சூரியன் கண்ணைக் கூசுற மாதிரி எடுத்துட்டு வருவாங்க பாருங்க, அது பிரீடருக்கும் ஆகாது சுவத்துக்கும் ஆகாது. பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடியே இது எந்த வகைன்னு மனசுல தீர்மானம் இருக்கணும்.

டிரெடிஷனல்லேருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா அதைக் கத்துக்காம நேரா ஆர்ட்டுக்குப் போனவங்க படத்துல கால் எப்பவுமே தப்பா இருக்கும்.

நாய்க்கு சைடு ஸ்டாக்தான் அடிப்படை. முன்னங்கால் ரெண்டும் நேரா தரைக்கு செங்குத்தா, பின்னங்கால்ல கணுவுக்குக் கீழ இருக்கிற பகுதியும் செங்குத்தா, கழுத்துலேருந்து வால் வரைக்கும் முதுகுக் கோடு தெளிவா, நாலு பாதமும் கண்ணுக்குத் தெரியணும். ஆனா இது எல்லா பிரீடுக்கும், அதாவது எல்லா இனத்துக்கும், ஒரே மாதிரின்னு நினைச்சுக்காதீங்க. ஜெர்மன் ஷெப்பர்டை ஒரு பின்னங்கால் வயித்துக்கு அடியில முன்னாடி வர்ற மாதிரி நிறுத்துவாங்க, அதை சதுரமா நிறுத்தி எடுத்தா அந்த பிரீடுக்காரங்க பாத்து சிரிப்பாங்க. எந்த பிரீடை எடுக்கப் போறீங்களோ அது எப்படி இருக்கணும்னு எழுதி வச்சிருக்கிற ஸ்டாண்டர்டை ஒரு தடவை படிச்சிட்டுப் போங்க, பத்து நிமிஷ வேலை, லென்ஸ் வாங்குறதை விட பிரயோஜனம். கேமரா உயரம் நாயோட முழங்கை, தோள் லெவல்ல இருக்கணும். டாஷண்டு மாதிரி குட்டைக் கால் நாய்னா நீங்க கிட்டத்தட்ட தரையில படுக்கணும், வேற வழியே இல்ல. நின்னுகிட்டு மேலேருந்து எடுத்தா கால் குட்டையா, தலை பெருசா, முதுகு அகலமா ஆயிடும்.

குதிரைக்கு இதே கதைதான், ஆனா கால் வைக்கிற கணக்கு வேற. பழைய வழக்கப்படி இடது பக்கத்துலேருந்து எடுப்பாங்க, பிடரி முடி மறுபக்கம் விழுந்திருந்தா கழுத்து முழுசா தெரியும். தரோபிரெட் மாதிரி குதிரைன்னா நம்ம பக்கம் இருக்கிற முன்னங்கால் செங்குத்தா, மறுபக்க முன்னங்கால் லேசா பின்னாடி, பின்னங்கால்ல நம்ம பக்கம் இருக்கிறது லேசா பின்னாடி, மறுபக்கம் முன்னாடி, அப்பதான் நாலு காலும் தனித்தனியா தெரியும். குவார்ட்டர் ஹார்ஸை நாலு காலும் சதுரமா நிறுத்துவாங்க, சாடில்பிரெட்னா காலை முன்னும் பின்னும் நீட்டி வச்சு நிறுத்துறது வழக்கம். இதெல்லாம் ஹேண்ட்லருக்கு, அதாவது ஷோவுல மிருகத்தைப் பிடிச்சு நிறுத்துறவருக்கு, தெரியும், உங்க வேலை அவர் செட் பண்ணி முடிச்சதும் ஒரு தடவை கால் பாத்துட்டு "அந்தப் பக்க பின்னங்கால் மறையுது, ஒரு அடி முன்னாடி எடுக்க முடியுமா"ன்னு மரியாதையா சொல்றதுதான்.

நீங்க எங்க நிக்கிறீங்கங்கறதுதான் இதுல பாதி விஷயம். உடம்புக்கு நேர் செங்குத்தா, வயித்து நடுவுக்கு நேரா, கேமரா வயித்து நடு உயரத்துல. தலைப்பக்கம் நகந்தா தலை, நெஞ்சு பெருசா ஆகி பின்பக்கம் ஒட்டிப் போன மாதிரி தெரியும், வால் பக்கம் நகந்தா புட்டம் மட்டும் மலை மாதிரி நிக்கும். கிட்ட போய் வைடு லென்ஸ்ல எடுக்கவே கூடாது. ஃபுல் ஃபிரேம் கேமராவுல 35 எம்எம் போட்டு ஒரு குதிரையை முழுசா அடக்கணும்னா சுமார் 3 மீட்டர்ல நிக்கணும், அந்த தூரத்துல உடம்பு கோணலாத்தான் வரும். 100 எம்எம்னா 9 மீட்டர், 200 எம்எம்னா 18 மீட்டர் பின்னாடி போகணும், அங்கேருந்து எடுத்தா அளவு எல்லாம் உள்ளபடி விழும். கோணலாக்குறது தூரம்தான், லென்ஸ் ஒரு சாக்கு. அதனால 70-200 ஜூம் ஒண்ணு வச்சிருந்தா நாய்க்கும் குதிரைக்கும் அதுவே போதும். அப்பர்ச்சர் எஃப் 5.6 இல்ல எஃப் 8, மூக்குலேருந்து வால் வரைக்கும் ஷார்ப்பா வேணும். வெயில் உங்க முதுகுக்குப் பின்னாடி, காலை இல்ல சாயங்காலம், உச்சி வெயில்ல எடுத்தா வயித்துக்கு கீழ கருப்பா ஆகி கால் அமைப்பே தெரியாது.

அடுத்தது காது. குதிரைக்காரங்க மொத மொத பாக்குறது காதைத்தான், ரெண்டு காதும் முன்னாடி இருக்கணும், ஒண்ணு பின்னாடி மடங்கிப் போச்சுன்னா அந்தப் படம் குப்பைதான், மத்ததெல்லாம் எவ்ளோ அழகா இருந்தாலும் சரி. அதுக்கு ஒரு ஆளை தலைக்கு முன்னாடி கொஞ்ச தூரத்துல நிறுத்தி தீவன வாளியை ஆட்டச் சொல்லுவாங்க, இல்ல போன்ல இன்னொரு குதிரை கனைக்கிற சத்தம் போடுவாங்க, ரெண்டு மூணு தடவைக்கு மேல வேலை செய்யாது. நாய்க்கு சத்தம் போடுற பொம்மை. ஆனா ஒண்ணு, இதெல்லாம் ரிங்குக்கு, அதாவது ஜட்ஜிங் நடக்கிற இடத்துக்கு, வெளிய மட்டும்தான். ஜட்ஜிங் நடக்கிறப்போ வெளிய நின்னு நாய கூப்பிடுறதுக்கு டபுள் ஹேண்ட்லிங்னு பேர், நிறைய ஷோவுல அது தடை, நீங்க கேமரா வச்சிருக்கீங்கன்னு விட்ற மாட்டாங்க, பக்கத்து நாய் கவனம் சிதறினா அந்த ஹேண்ட்லரும் சண்டைக்கு வருவார்.

ஜெயிச்சதும் எடுக்கிற படம், ஜட்ஜ், ஹேண்ட்லர், நாய், ரிப்பன், போர்டு எல்லாம் ஒரே ஃபிரேம்ல, இதுல கலையெல்லாம் காட்டாதீங்க. ஜட்ஜுக்கு அடுத்த கிளாஸ், அதாவது அடுத்த பிரிவுப் போட்டி, காத்திருக்கும். நாய் ஒழுங்கா நிக்குதா, மனுஷங்க கண்ணு திறந்திருக்கா, போர்டுல எழுத்து தெரியுதா, மூணு நாலு ஃபிரேம், நன்றி சொல்லிட்டு நகருங்க.

ஓட்டம்தான் சுவாரஸ்யமான இடம். 1878ல எட்வர்ட் மைபிரிட்ஜ்ங்கற போட்டோகிராஃபர் கலிஃபோர்னியாவுல கேமராக்களை வரிசையா வச்சு ஓடுற குதிரையை எடுத்தாரு, அதுக்கு முன்னாடி ஓவியங்கள்ல பாய்ஞ்சு ஓடுற குதிரைன்னா முன்னங்கால் முன்னாடியும் பின்னங்கால் பின்னாடியும் நீட்டிக்கிட்டு பறக்கிற மாதிரிதான் வரைவாங்க. படத்துல பாத்தா நாலு காலும் தரையை விட்டு எழும்புறது காலெல்லாம் வயித்துக்கு அடியில ஒண்ணு சேர்ற நேரத்துல. வெறுங்கண்ணு நம்மள ஏமாத்தும், அதனால எந்த நொடியில அழுத்தணும்னு தாளம் வச்சுதான் பழகணும். டிராட்ங்கற மிதமான ஓட்டத்துல ஒரு முன்னங்காலும் அதுக்கு குறுக்க இருக்கிற பின்னங்காலும் சேந்து போகும், முன்னங்கால் முழுசா நீண்டு தரையைத் தொடப் போற நேரம்தான் டிரெடிஷனல் ஷாட். அடுத்த நொடியில எடுத்தா காலெல்லாம் வயித்துக்கு கீழ மூடின கத்திரிக்கோல் மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு இருக்கும், எந்த ஓனரும் அதை வாங்க மாட்டார். படபடன்னு தொடர்ந்து எடுக்கிற பர்ஸ்ட் மோடை மட்டும் நம்பாதீங்க, டிரஸாஜ்ங்கற குதிரை நடைப் போட்டியில டிராட்ல ஒரு ஸ்ட்ரைடுக்கு, அதாவது நாலு காலும் ஒரு சுத்து வந்து முடிய, முக்கால் நொடி பக்கம் ஆகும்னு வச்சா நொடிக்கு 10 ஃபிரேம் எடுக்கிற கேமராவுல ஏழெட்டு ஃபிரேம் கிடைக்கும், அதுல சரியான கால் ஒண்ணோ ரெண்டோ, சமயத்துல அதுவும் இல்ல. வாய்க்குள்ள ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிக்கிட்டே கொஞ்சம் முந்தி அழுத்துங்க. நாய்க்கும் இதேதான், சின்ன நாய்னா எண்ணிக்கை இன்னும் வேகமா ஓடும். வெளிய வெளிச்சத்துல எடுக்கிறப்போ ஷட்டர் 1/1000க்கு குறையாம வைங்க. குதிரை தாண்டுறதுன்னா தடைக் கம்புல முன்னாடியே ஃபோகஸ் வச்சிட்டு, முன்பக்கத்துலேருந்து கொஞ்சம் சைடா நின்னு, முழங்கால் ரெண்டும் மடங்கி உடம்பு மேல ஏறுறப்போ எடுங்க, இறங்குறப்போ எடுத்தா பெரும்பாலும் நல்லா இருக்காது.

சரி ஆர்ட்டிஸ்டிக்குக்கு வருவோம். இங்க மேல சொன்ன ரூல் நிறைய உடையும், ஆனா காது ரூல் உடையாது, அது ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். வெயிலை பின்னாடி வச்சு பிடரி ஓரம், நாயோட முடி ஓரம் மட்டும் எரியுற மாதிரி எடுக்கலாம், பின்னாடி இருட்டா ஒரு மரமோ சுவரோ இருந்தாதான் அந்த ஓரம் தெரியும், வெள்ளை வானம் இருந்தா கரைஞ்சு போயிடும். எனக்கு ரொம்பப் பிடிச்சது லாயக் கதவு டெக்னிக், செலவே இல்லாதது. குதிரையை வாசலுக்கு ஒரு அடி உள்ள, வெளிய பாத்து நிறுத்தணும், வெளிச்சம் வெளியேருந்து முகத்துல விழும், உள்ள இருட்டு, முகத்துக்கு மட்டும் எக்ஸ்போஷர் வச்சா பின்னாடி தானா கருப்பாயிடும், கேமரா தானா வெளிச்சம் கூட்டப் பாக்கும், மைனஸ் ஒண்ணு இல்ல ரெண்டு ஸ்டாப் இறக்கிடுங்க. இதே இடத்துல நாயையும் எடுக்கலாம்.

பேனிங், அதாவது ஓடுற மிருகத்தோட கூடவே கேமராவைத் திருப்பிக்கிட்டே எடுக்கிறது, ட்ரை பண்றவங்க டிராட்லேருந்து ஆரம்பிங்க, ஏன்னா டிராட்ல தலை அவ்வளவா ஆடாது, அதை விட வேகமான கேன்டர் ஓட்டத்துல மேலயும் கீழயும் போகும், முகம் கலங்கிடும். ஷட்டர் 1/60ல தொடங்கி கை பழகினதும் 1/30க்கு இறங்குங்க, கால் கலங்கலாம், கண்ணும் காதும் கலங்கக் கூடாது. நிறைய ஃபிரேம் போகும், அதுக்கு கவலைப்படாதீங்க, இந்த வகைல வீணாப் போறதுதான் ஜாஸ்தி. அதுலயும் கால் சரியான நேரத்துல நீண்டு இருக்கிற ஃபிரேமைத்தான் தேர்ந்தெடுக்கணும், பேக்ரவுண்டு எவ்ளோ அழகா கோடு கோடா ஓடினாலும் கால் மோசமா இருந்தா குதிரைக்காரங்க அதை ரெண்டாவது தடவை பாக்க மாட்டாங்க.

நல்ல ஆர்ட்டிஸ்டிக் படம் ரிங்குக்கு வெளியதான் கிடைக்கும்ங்கறது என் அபிப்பிராயம். குரூமிங் டேபிள்ல தூங்கி வழியுற பூடுல், பிடரி பின்னிக்கிட்டிருக்கிற விரல், குளம்புல எண்ணெய் தடவுறது, உள்ள போறதுக்கு முன்னாடி ஹேண்ட்லர் மூச்சு இழுத்து விடுற அந்த நேரம், தோத்துட்டு வெளிய வந்து நாய் காதைத் தடவிக்கிட்டு நிக்கிற பொண்ணு. 85 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் ஒண்ணு இதுக்கு அருமையா இருக்கும். மூக்கு நீளமான மிருகம்ங்கறதால எஃப் 1.8ல கண்ணு ஷார்ப்பா வந்தா மூக்கு போயிடும், சில படத்துக்கு அது நல்லாவே இருக்கும், மத்ததுக்கு எஃப் 2.8, 4ன்னு ஏத்திக்கோங்க. வெட்டி கிராப் பண்றப்போ மூட்டுல வெட்டாதீங்க, ரெண்டு மூட்டுக்கு நடுவுல வெட்டுங்க, இல்லேன்னா நெஞ்சோட நிறுத்திடுங்க.

இன்டோர் ஷோ ரெண்டு ஸ்டைலுக்குமே தலைவலி. ஃபிளாஷ் பல குதிரை ஷோவுல தடை, விட்டாலும் மிரண்டா ஆபத்து மேல உக்காந்திருக்கிறவங்களுக்குத்தான். எஃப் 2.8, ஷட்டர் 1/500, ஐஎஸ்ஓ 3200லேருந்து 6400 வரைக்கும் ஏத்துங்க, நாய்ஸ் வந்தா வரட்டும், கலங்கின படத்தைத்தான் சரி பண்ண முடியாது. சில லைட் கண்ணுக்குத் தெரியாம நொடிக்கு 100 இல்ல 120 தடவை மினுக்கும், ஒரு ஃபிரேம் மஞ்சளா அடுத்தது இருட்டா வந்தா அதான் காரணம், ஆன்டி ஃபிளிக்கர் ஆன் பண்ணுங்க. கருப்பு நாய், கருப்பு குதிரைன்னா ரோமத்துல டெக்ஸ்சர் தெரியுற அளவுக்கு வெளிச்சம் கொடுங்க, சைடு லைட் உதவும். வெள்ளைன்னா ஹைலைட் வெடிக்காம பாருங்க. ரெண்டுக்குமே ரா (RAW) ஃபைலா எடுக்கிறது உத்தமம்.

குதிரைக்கு கண்ணு பக்கவாட்டுல இருக்கறதால சுத்திலும் பாக்கும், நேர் பின்னாடியும் நெத்திக்கு முன்னாடி கொஞ்ச இடமும் மட்டும் தெரியாது. அங்க போய் குனிஞ்சு உக்காந்துட்டு திடீர்னு எழுந்திரிக்காதீங்க, உதை வாங்கினா கேமராவோட போகாது.

எடிட்டிங்ல ஒரு கோடு இருக்கு. டிரெடிஷனல் படத்துல பேக்ரவுண்டுல இருக்கிற குப்பைத்தொட்டியை எடுக்கலாம், கலர் சரி பண்ணலாம், கழுத்துல இருக்கிற கயிறு, லீடு, அதைக் கூட சிலர் அழிக்கிறாங்க, ஆனா முதுகுக் கோட்டை நேராக்குறது, காலை நகத்துறது, கழுத்தை நீட்டுறது கிடையவே கிடையாது. அந்தப் படத்தை நம்பி ஒருத்தர் காசு கொடுத்து குட்டி வாங்கப் போறார், அது மோசடி. ஆர்ட்டிஸ்டிக்ல கருப்பு வெள்ளை, டார்க் டோன், டெக்ஸ்சர் எது வேணா பண்ணுங்க, அதை பிரீடிங் விளம்பரத்துக்கு மட்டும் கொடுக்காதீங்க.

ஷோவுக்கு அஃபிஷியல் போட்டோகிராஃபர் இருப்பார், எடுத்து விக்கிறதுக்கு முன்னாடி நடத்துறவங்க கிட்ட அனுமதி கேட்டுக்கோங்க. காலைல வெளிச்சம் நல்லா இருக்கிறப்போவே ஸ்டாக் ஷாட்டையும் ஓட்டத்தையும் முடிச்சிடுங்க, மத்தியானம் உச்சி வெயில்ல லாயம், குரூமிங் ஏரியான்னு நிழலுக்குள்ள போயிடுங்க, சாயங்காலம் சூரியன் தாழ்வா இறங்கி வர்றப்போ பேக்லைட். ஓனருக்கு அனுப்பும்போது ரெண்டையும் கலக்காம ரெண்டு ஃபோல்டரா அனுப்புங்க, டிரெடிஷனலை அன்னிக்கு ராத்திரியே, ரிசல்ட் போஸ்ட் போட அவங்களுக்கு அதுதான் உடனே வேணும், மத்தது ஒரு வாரம் கழிச்சு போனாலும் யாரும் கேக்க மாட்டாங்க.