இலை உதிர்வதைப் படமெடுக்கப் போகிறவர்களுக்கு

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் பிப்ரவரியில் பால்மரங்கள், அதாவது ரப்பர் மரங்கள், சிவந்து உதிர ஆரம்பித்தால் போதும், கேமராவும் முக்காலியுமாகத் தம்பிகள் தோட்டத்துக்குள் இறங்கிவிடுகிறார்கள். போன வாரம் நாலு பேர் எடுத்ததைப் பார்த்தேன். என் பழைய படங்களையே திரும்பப் பார்த்த மாதிரி இருந்தது. முக்காலி ஆடுவது, லென்ஸில் பனி படிவது எல்லாம் தானாகத் திருந்திவிடும். மற்றதைச் சொல்கிறேன்.

ஸ்லோமோஷன்

விழும் இலையை வினாடிக்கு 120 ஃபிரேமில் எடுத்து 24இல் ஓட்டினால் ஐந்து மடங்கு மெதுவாகும். அழகுதான், ஷாம்பு விளம்பரம் மாதிரி. இலை அதன் வேகத்திலேயே விழட்டும். அடுத்த இலைக்காகக் காத்திருக்கும் அந்த வெறும் பதினைந்து வினாடிதான் பார்ப்பவரை உட்கார வைக்கிறது. ஜப்பானிய இயக்குநர் ஓசு, கதைக்கு நடுவே கொடியில் காயும் துணியைக் காட்டுவார். ஒன்றுமே நடக்காது, ஆனாலும் கண் நகராது.

ட்ரோன்

வேண்டாம்.

சத்தத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்தில் கடைசியாக மிஞ்சியிருந்த பால்மரக்காடு. மூன்று நாள் விடியற்காலை அங்கேயே கிடந்தேன். மைக்கில் ஏதோ கரகரப்பு. புல்லாங்குழல் போட்டுவிடலாம் என்று அதைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டேன்.

முப்பது வருடம் பால் வெட்டிய அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். முழுக்கப் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லாத்தான் இருக்குப்பா, சருகு சத்தத்தத்தான் காணோம்" என்றார். இருட்டில் பக்கத்து நிரையில் ஆள் வருவதே சருகு மிதிபடுவதில்தான் தெரியுமாம்.

சரி, சத்தத்தை மட்டும் பதிந்து வரலாம் என்று மறுவருடம் போனேன். மரங்களைச் சாய்த்துச் செம்பனை (எண்ணெய்ப்பனை) கன்று நட்டிருந்தார்கள். வேறு தோட்டத்துச் சருகுச் சத்தத்தைச் சேர்த்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. அந்தப் படத்தில் இன்றைக்கும் புல்லாங்குழல்தான் ஊதிக்கொண்டிருக்கிறது.

அதனால், படம் எடுத்து முடித்ததும் கிளம்பாதீர்கள். அதே இடத்தில் பேசாமல் நின்று ஐந்து நிமிடம் சத்தத்தை மட்டும் பதியுங்கள். மைக்குக்குக் காற்றுத் தடுக்கும் உறை போடுங்கள். நாலு பேரில் ஒருவர்கூடப் போட்டிருக்கவில்லை.

மொட்டை மரத்தோடு முடிப்பது

சில வாரத்தில் செம்பு நிறத்தில் தளிர் விடும். இன்னொரு தடவை போங்கள். கொசு மருந்தை மறக்காதீர்கள்.