உதகைக் குளிரில் சொகுசுக் கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

டிசம்பரிலும் ஜனவரியிலும் தலைகுந்தா, காந்தல் பக்கம் விடியற்காலையில் புல்வெளி உறைபனியால் வெளுத்துக் கிடக்கும். அதே நேரத்தில், முந்தைய நாள் கல்லாற்றிலிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகளையும் எளிதாக ஏறி வந்த பெரிய கார்கள் சில, விடுதி வாசலில் பொத்தானை அழுத்தியும் கிளம்பாமல் நின்றுவிடுகின்றன. கருவிப் பலகையில் கியர்பாக்ஸ் கோளாறு, ஸ்டீயரிங் கோளாறு, பிரேக் கோளாறு என்று எச்சரிக்கைகள் வரிசையாக எரிகின்றன. பத்து ஆண்டுகள் ஓடிய சொகுசுக் கார் ஒன்றை அண்மையில் வாங்கியவர் இதைப் பார்த்தால், லட்சக்கணக்கில் செலவு வந்துவிட்டது என்றே அஞ்சுவார்.

பெரும்பாலும் அந்த அச்சத்துக்கு அடிப்படை இருப்பதில்லை. இத்தகைய கார்களில் எஞ்சின், கியர், பிரேக், கதவு, இருக்கை என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டுப்பாட்டுக் கருவிகள் உள்ளன. பேட்டரியின் வோல்ட் குறைந்தவுடன் அவை ஒன்றோடொன்று பேச முடியாமல் போய், ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஓர் எச்சரிக்கையைக் காட்டுகிறது. ஆகவே, வோல்ட்டை அளந்து பார்க்கும் வரை அந்த எச்சரிக்கைகள் எதையும் நம்பி முடிவெடுக்க வேண்டாம் என்பதே நான் முதலில் வலியுறுத்த விரும்புவது. கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். இவை பெட்ரோல், டீசல் ஆட்டோமேட்டிக் கார்களுக்கானவை. முழு மின்சாரக் கார்களுக்குப் பொருந்தா.

முதல் படி: காரை நகராமல் நிறுத்துங்கள்

சமவெளியில் இந்தப் படி தேவைப்படாமல் போகலாம். மலையில் இதுதான் எல்லாவற்றுக்கும் முந்தியது. சக்கரங்களுக்குப் பள்ளம் இருக்கும் பக்கமாகப் பெரிய கல்லோ மரக்கட்டையோ வைத்து முட்டுக் கொடுங்கள். பானெட்டைத் திறப்பதும் காரின் முன்னே நிற்பதும் அதற்குப் பிறகுதான். சாலையோரத்தில் நின்றிருந்தால் நான்கு இண்டிகேட்டர்களையும் எரியவிட்டு, மேலிருந்து இறங்கி வரும் வண்டிகளுக்கு முன்கூட்டியே தெரியும்படி, வளைவுக்கு அப்பால் எச்சரிக்கை முக்கோணத்தை வையுங்கள். இண்டிகேட்டர்களும் அதே பேட்டரியில்தான் எரிகின்றன என்பதால், காரைப் பாதுகாப்பான இடத்துக்கு நகர்த்த முடிந்தவுடன் அவற்றை அணைத்துவிடுங்கள்.

கல்லாறு, பர்லியாறு பகுதியிலும், மசினகுடி, தெப்பக்காடு பகுதியிலும் யானைகள் சாலையைக் கடக்கும். குன்னூர், கோத்தகிரி பக்கம் காட்டெருமைகள் தேயிலைத் தோட்டங்களிலிருந்து நேராகச் சாலைக்கு இறங்கிவிடும். இருட்டிய பின் இந்த இடங்களில் கார் நின்றுவிட்டால், பானெட்டைத் திறந்து ஆராய்வதை விட்டுவிட்டு, உள்ளேயே அமர்ந்து உதவிக்கு அழைப்பதே சரி. கோயம்புத்தூரிலிருந்து உதகை வழியாகக் குண்டல்பேட்டைக்குச் செல்வது தேசிய நெடுஞ்சாலை என்பதால் 1033 என்ற நெடுஞ்சாலை உதவி எண்ணை அழைக்கலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 108.

இரண்டாம் படி: சத்தத்தைக் கேளுங்கள்

பாட்டை நிறுத்தி, ஏசி விசிறியை அணைத்து, சன்னல்களை மூடி, ஒரே ஒரு முறை ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி என்ன கேட்கிறது என்று கவனியுங்கள். எந்த விளக்கும் எரியாமல் முழு அமைதி என்றால் பேட்டரி முற்றிலும் இறங்கியிருக்கிறது, அல்லது பேட்டரியின் கம்பி இணைப்பான டெர்மினல் கழன்றிருக்கிறது. டிக் டிக் டிக் என்று வேகமாகத் தட்டினால் எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரைச் சுழற்றப் பேட்டரியில் போதிய வலு இல்லை. 'டக்' என்று ஒரே ஒரு ஒலி கேட்டு நின்றுவிட்டால், டெர்மினல் பிடிப்பு தளர்ந்திருக்கலாம் அல்லது செல்ஃப் மோட்டாரே பழுதாகியிருக்கலாம். விளக்குகள் பளிச்சென்று எரிந்தும் எந்த ஒலியும் இல்லை என்றால் மூன்றாம் படிக்குச் செல்லுங்கள். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் பேட்டரி மீது பழியில்லை. ஆறாம் படியைப் பாருங்கள்.

திரும்பத் திரும்பப் பொத்தானை அழுத்தாதீர்கள். ஒரு முயற்சி 10 வினாடிக்கு மேல் நீளக் கூடாது. அடுத்த முயற்சிக்கு முன் ஒரு நிமிடமாவது செல்ஃப் மோட்டார் ஆற வேண்டும்.

மூன்றாம் படி: சாவி, பிரேக், கியர், ஸ்டீயரிங்

குளிரில் சாவிக்குள் இருக்கும் சிறிய வட்ட பேட்டரியும் சோர்ந்துபோகும். கார் "சாவி காணவில்லை" என்று சொன்னால், சாவியை உள்ளங்கையில் சற்று நேரம் சூடாக்கிப் பாருங்கள். அதற்கும் பலனில்லை என்றால், சாவியின் பேட்டரி முழுவதும் செத்தாலும் காரைக் கிளப்புவதற்கென்று தயாரிப்பாளர் ஓர் இடம் வைத்திருப்பார்: சில கார்களில் ஸ்டீயரிங் தண்டின் பக்கவாட்டில், சிலவற்றில் நடுப்பெட்டிக்குள், சிலவற்றில் ஸ்டார்ட் பொத்தானின் மீதே சாவியை ஒட்டிப் பிடிக்க வேண்டும். உங்கள் காரில் அது எங்கே என்பதை வீட்டிலிருக்கும்போதே கையேட்டில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் ஓடாதபோது பிரேக்கைப் பலமுறை மிதித்திருந்தால் மிதி கல்லாக இறுகிவிடும். மெல்ல மிதித்தால் நீங்கள் பிரேக் பிடித்ததாகவே கார் ஏற்றுக்கொள்ளாது. முழுப் பலத்துடன் மிதித்துக்கொண்டு பொத்தானை அழுத்துங்கள். கியர் 'பி'யில் (பார்க்) இருக்கிறதா என்று உறுதிசெய்து, 'என்'னிலும் (நியூட்ரல்) ஒரு முறை முயன்று பாருங்கள். அப்போது காரைப் பிடித்து வைக்கக் கைபிரேக்கும் நீங்கள் வைத்த கல்லும் அவசியம். சரிவில் சக்கரத்தை ஓரக்கல்லில் அணைத்து நிறுத்தியிருந்தால் ஸ்டீயரிங் பூட்டு இறுகிக்கொண்டு விடாமல் போகும். பொத்தானை அழுத்தும் அதே கணத்தில் ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாக மெதுவாக அசைத்தால் பூட்டு விடுபடும்.

நான்காம் படி: வோல்ட்டை அளந்து பாருங்கள்

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்று காரிலேயே இருக்கட்டும். பல சொகுசுக் கார்களில் பேட்டரி பானெட்டுக்கு அடியில் இருக்காது. டிக்கியிலோ இருக்கைக்கு அடியிலோ இருக்கும். பேட்டரி இறங்கிவிட்டால் மின்சாரத்தால் திறக்கும் டிக்கியும் திறக்காது என்பதால், பானெட்டுக்குள் சிவப்பு மூடியுடன் ஒரு நேர்முனையும், பக்கத்தில் வெற்று உலோகத்தாலான எர்த் முனையும் வைத்திருப்பார்கள். கதவைத் திறக்க, சாவிக்குள் ஒளிந்திருக்கும் உலோகச் சாவியை இழுத்தெடுங்கள். பானெட் நெம்புகோல் பொதுவாகக் கம்பியால் இயங்குவது. அதற்கு மின்சாரம் வேண்டாம்.

மீட்டரை 20 வோல்ட் நேர்மின்னோட்ட (டிசி) அளவில் வைத்து, சிவப்பு முனையை நேர்முனையிலும் கறுப்பு முனையை எர்த்திலும் தொடுங்கள். 12.6 வோல்ட்டும் அதற்கு மேலும் என்றால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் ஏறத்தாழ முக்கால் பங்கு, 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே என்றால் தீர்ந்துவிட்டது என்றே கொள்ளுங்கள். பின்னர் ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, செல்ஃப் சுற்றும்போது மீட்டரைப் பாருங்கள். 12.5 காட்டிய பேட்டரி அப்போது 9 வோல்ட்டுக்கு வீழ்ந்தால், மின்னூட்டம் இருந்தும் பேட்டரி முதுமையடைந்துவிட்டது என்று பொருள்.

மேட்டுப்பாளையத்தில் எந்தக் குறையும் காட்டாத பேட்டரி உதகையில் கைவிடுவதற்குக் காரணம் குளிர். ஈய-அமிலப் பேட்டரி 0 டிகிரியில் செல்ஃபைச் சுழற்றும் வலுவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இழக்கிறது. அதே குளிரில் எஞ்சின் ஆயில் கெட்டியாகி, செல்ஃபுக்கு முன்பை விட அதிக வலு தேவைப்படுகிறது. உயரத்தைப் பலர் குறை சொல்கிறார்கள். சுமார் 2,240 மீட்டர் உயரமுள்ள உதகையில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தை விடக் கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு என்பது உண்மைதான். ஆனால் இன்றைய எஞ்சின்கள் அதற்கேற்ப எரிபொருளைத் தாமே குறைத்துக்கொள்கின்றன என்பதால், ஸ்டார்ட் ஆகாததற்கு உயரத்தைக் காரணமாக நான் கொள்வதில்லை.

ஐந்தாம் படி: ஜம்ப் ஸ்டார்ட்

மற்றொரு வண்டியின் பேட்டரியைக் கேபிளால் இணைத்துக் கிளப்புவதே ஜம்ப் ஸ்டார்ட். இங்கே ஓர் எச்சரிக்கையைத் தனியாகச் சொல்ல வேண்டும். மலைப்பாதையில் முதலில் உதவிக்கு நிற்பவர்கள் பெரும்பாலும் லாரி ஓட்டுநர்களும் பேருந்து ஓட்டுநர்களும்தான். அவர்கள் மனம் பெரிது; ஆனால் அவர்களுடைய வண்டி பொதுவாக 24 வோல்ட். அதை 12 வோல்ட் காரில் இணைத்தால் காரின் கட்டுப்பாட்டுக் கருவிகள் ஒரு நொடியில் எரிந்துபோகலாம், பிறகு உண்மையாகவே லட்சக்கணக்கில் செலவாகும். நன்றி சொல்லி மறுத்துவிட்டு, மற்றொரு காரையோ ஜீப்பையோ தேடுங்கள்.

சிவப்பு கேபிளின் ஒரு நுனியை உங்கள் காரின் நேர்முனையில் மாட்டி, மறுநுனியை உதவும் காரின் நேர்முனையில் மாட்டுங்கள். கறுப்பு கேபிளை உதவும் காரின் எதிர்முனையில் மாட்டி, அதன் மறுநுனியைக் கடைசியாக உங்கள் காரின் எர்த் முனையில் மாட்டுங்கள். உங்கள் பேட்டரியின் எதிர்முனையில் நேரடியாக மாட்ட வேண்டாம், ஏனென்றால் கடைசி இணைப்பில் எழும் பொறி பேட்டரியிலிருந்து கசியும் ஹைட்ரஜனைப் பற்றவைக்கக் கூடும். இரு கார்களின் உடலும் ஒன்றையொன்று தொடக் கூடாது. உதவும் காரின் எஞ்சினை ஓடவிட்டு 10 நிமிடம் காத்திருங்கள். பொறுமையில்லாமல் உடனே முயல்வதால்தான் பலருக்குத் தோல்வி. மெல்லிய கேபிள்கள் வழியாகச் செல்ஃப் கேட்கும் மின்சாரம் முழுவதும் வந்து சேராது, உங்கள் பேட்டரியும் சிறிது ஏற்றம் பெற வேண்டும். எஞ்சின் பிடித்த பின், மாட்டிய வரிசைக்கு நேர் எதிராகக் கழற்றுங்கள். இந்த நேரம் முழுவதும் சாவி உங்கள் சட்டைப்பையிலேயே இருக்கட்டும், ஏனென்றால் மின்சாரம் திரும்பியதும் சில கார்கள் தாமாகவே பூட்டிக்கொள்ளும்.

அடிக்கடி மலையேறுபவர் கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டர் (காரைக் கிளப்ப உதவும் சிறு பேட்டரிப் பெட்டி) ஒன்றை வாங்கிக்கொள்வது நல்லது என்பது என் உறுதியான கருத்து. உறைபனி இரவில் அதைக் காரில் விடாமல் அறைக்குள் எடுத்துச் செல்லுங்கள்.

காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முயல வேண்டாம். ஆட்டோமேட்டிக் காரில் அது நடக்காது. பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் எஞ்சினின் துணை இல்லாத இரண்டு டன் வண்டியைச் சரிவில் உருட்டுவது உயிருக்கே ஆபத்து.

ஆறாம் படி: செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

செங்குத்தான இடத்தில் குறைந்த எரிபொருளுடன் நிறுத்தியிருந்தால், டேங்கில் இருப்பது ஒரு மூலைக்கு ஒதுங்கி, பம்புக்கு எட்டாமல் போகலாம். மலையில் கால் டேங்குக்குக் கீழே இறங்க விடாதீர்கள். பெட்ரோல் காரை விடுதி முற்றத்தில் சில அடி மட்டும் நகர்த்தி உடனே அணைத்திருந்தால், மறுநாள் காலை எஞ்சினுக்குள் பெட்ரோல் தேங்கியிருக்கும். ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்தால், பெரும்பாலான கார்கள் பெட்ரோலை நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் உள்ளே விட்டுத் தெளிய வைத்துக்கொள்ளும். டீசல் காரில், பிரேக்கை மிதிக்காமல் பொத்தானை அழுத்தி, கம்பிச்சுருள் வடிவ விளக்கு அணையும் வரை காத்திருந்து, அதன் பின் ஸ்டார்ட் செய்யுங்கள். புகையைத் தூய்மையாக்க யூரியாக் கரைசல் பயன்படுத்தும் டீசல் கார்கள், அது தீர்ந்துபோனால் பலமுறை எச்சரித்த பிறகு மறுபடி கிளம்பவே மறுக்கும். இது பழுதன்று, கரைசலை நிரப்பினால் போதும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் ஏறும் வழியில், தேநீருக்காக நிறுத்திய கார் திரும்பக் கிளம்ப மறுப்பது இதிலிருந்து வேறானது. எஞ்சினின் சுழற்சியை உணரும் கிராங்க் சென்சார் சூட்டில் செயலிழப்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அரைமணி நேரம் ஆறவிட்டால் பெரும்பாலும் கிளம்பிவிடும், ஆனால் அதே பயணத்தில் மறுபடியும் காரை அணைக்காதீர்கள். உங்களிடம் காரின் கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் இருந்தால், 'பி0335' என்ற குறியீடு அந்த சென்சாரைக் குறிக்கும். கருவிகளிடையே தொடர்பு அறுந்ததைக் குறிக்கும், 'யு' என்று தொடங்கும் குறியீடுகள் ஒரே நேரத்தில் பல வந்திருந்தால் நான்காம் படிக்கே திரும்புங்கள்.

பானெட்டைத் திறந்ததும் எலிப் புழுக்கை, கடித்த ரப்பர்த் துணுக்குகள், கூடு கட்டிய பஞ்சு ஏதேனும் தெரிகிறதா என்றும் பாருங்கள். சூடான எஞ்சின் எலிக்கு நல்ல மெத்தை; தோட்டத்தை ஒட்டிய விடுதிகளில் இது வழக்கமான தொல்லை. கடிபட்ட வயரைக் கண்டால் மேற்கொண்டு முயல வேண்டாம்.

ஏழாம் படி: எப்போது நிறுத்திக்கொள்வது

வோல்ட் சரியாக இருந்து, சாவியும் எரிபொருளும் சரியாக இருந்து, மூன்று முயற்சிகளிலும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் அத்துடன் நிறுத்துங்கள். உள்ளூர் மெக்கானிக்குகளில் திறமைசாலிகள் உண்டு. பேட்டரி, டெர்மினல், ஃபியூஸ், பெல்ட் ஆகியவற்றை அவர்களிடம் தயங்காமல் ஒப்படைக்கலாம். உங்கள் காருக்குரிய ஸ்கேனர் கையில் இல்லாமல் வயரை வெட்டி நேரடியாக இணைத்துப் பார்க்கலாம் என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.

சொகுசுக் கார்களுக்கான சேவை மையங்கள் பெரும்பாலும் உதகையிலிருந்து ஏறத்தாழ 85 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கோயம்புத்தூரில்தான் இருக்கின்றன. ரெக்கவரி வண்டியை அழைக்கும்போது, நான்கு சக்கரங்களும் தரையைத் தொடாமல் ஏற்றிச் செல்லும் பிளாட்பெட்தான் வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். நான்கு சக்கர இயக்கமுள்ள காரை இரண்டு சக்கரங்கள் தரையில் உருள இழுத்துச் சென்றால் கியர்பாக்ஸும் கெடும். பேட்டரி முழுவதும் இறங்கிய காரில் மின்னணுக் கைபிரேக்கும் 'பி' கியரும் விடுபடாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டால், அவர்கள் ஜம்ப் ஸ்டார்ட்டரோடு வருவார்கள்.

கிளம்பிய பிறகு

உதகை நகருக்குள்ளேயே சேரிங் கிராஸ் வரை போய்த் திரும்பினால் பேட்டரி நிறையாது; ஒரு மணி நேரமாவது தொடர்ந்து ஓட்டுங்கள். எஞ்சின் ஓடும்போது மீட்டர் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டினால், பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. அதன் பின்னும் எரியும் எச்சரிக்கைகளை மட்டும் குறித்துக்கொண்டு பணிமனையில் காட்டுங்கள்.

இரவில் சாவியைக் காருக்கு அருகிலுள்ள சன்னலோரம் வைக்காதீர்கள். சாவியின் அருகாமையால் சில கார்கள் உறக்க நிலைக்குப் போகாமல் விழித்தே இருக்கும். உள்ளிருக்கும் கருவிகள் 5 ஆம்பியர் இழுத்தால் 70 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பேட்டரி 14 மணி நேரத்தில் காலியாகிவிடும். சரிவில் நிறுத்தும்போது பிரேக்கை மிதித்தபடி 'என்'னுக்கு மாற்றி, கைபிரேக் போட்டு, மிதியை மெல்ல விட்டுக் காரின் எடை கைபிரேக்கில் அமர்ந்த பின்னரே 'பி'க்கு மாற்றுங்கள்.

பேட்டரியை மாற்ற நேர்ந்தால், ஏஜிஎம் வகை (கண்ணாடியிழை விரிப்பில் அமிலத்தை உறிஞ்சி வைத்த பேட்டரி) இருந்த இடத்தில் ஏஜிஎம் வகையையே, அதே ஆம்பியர்-மணி அளவில் போடுங்கள். பல ஜெர்மன் கார்களில் புதிய பேட்டரி பொருத்தப்பட்டதை ஸ்கேனர் மூலம் காருக்குப் பதிவுசெய்ய வேண்டும்; பதிவு செய்யாவிட்டால் பழைய பேட்டரி என்றே எண்ணி அதற்கேற்ப மின்னேற்றி, புதியதையும் விரைவில் கெடுத்துவிடும். பில்லில் பேட்டரியின் விலைக்குக் கீழே அந்தப் பதிவைச் செய்ததற்கான குறிப்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.