ஃபயர்ஸ்டோர்ல ஃபில்டர் போட்டா சில ரெக்கார்டு ஏன் காணாம போகுது? காபி எடை சீட்ட வச்சு படிப்படியா பாக்கலாம்

ஏற்காட்டுல நாகலூர் பக்கம் எங்க மாமா சின்ன தோட்டக்காரங்ககிட்ட காபி பழமும் மெளகும் எடை போட்டு வாங்குறாரு. பழம் பறிப்பு நவம்பர்ல சூடு பிடிச்சா ஜனவரி வரைக்கும் ஓடும், அத்தன சீட்டையும் நோட்டுல எழுதி ராத்திரி உக்காந்து கூட்டிக்கிட்டு இருந்தாரு, அவருக்காக கூகுளோட ஆன்லைன் டேட்டாபேஸான ஃபயர்ஸ்டோர்ல ஒரு சின்ன ஆப் செஞ்சு குடுத்தேன். எக்செல்ல ஃபில்டர் போட்டு பழகின கை இங்க வந்தா கண்டிப்பா தடுமாறும். ஏன்னா ஃபயர்ஸ்டோர் (நான் சொல்றது ஸ்டாண்டர்ட் எடிஷன்) ஒவ்வொரு டாக்குமெண்டா, அதாவது ஒவ்வொரு சீட்டா தொறந்து பாத்து தேடுறதில்ல, முன்னாடியே அடுக்கி வச்ச இண்டெக்ஸ்ல, அதாவது தேடுறதுக்குன்னு இருக்கற பட்டியல்ல இருக்கறத மட்டும் தான் எடுத்துக் குடுக்கும். இது மனசுல இருக்கட்டும், கீழ வர்ற எல்லாம் இதுலேருந்து தான் வருது.

படி 1: கேள்விய முதல்ல எழுதுங்க

டேட்டாபேஸ் தொறக்கறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல, யாரு என்ன கேப்பாங்கன்னு எழுதிடுங்க. மாமா கேக்கறது மூணே மூணு: இன்னும் யாருக்கு பணம் குடுக்கல, இந்த வாரம் எந்த ஊர்ல எத்தன கிலோ வந்துச்சு, இந்தப் பேர்ல சீட்டு இருக்கா. ஒவ்வொரு சீட்டுலயும் பேர், ஊர், வகை, கிலோ, தேதி, நிலை (பணம் குடுத்தாச்சா, பாக்கியா)ன்னு ஃபீல்டு வச்சது இதுக்காகத் தான்.

படி 2: தேதிய எழுத்தா போடாதீங்க

"12-01-2025"ன்னு எழுத்தா போட்டா அது "28-11-2024"க்கு முன்னாடி போய் நிக்கும், 12 சின்னது 28 பெருசுன்னு தான் அது பாக்கும். தேதி நேரத்துக்குன்னே இருக்கற டைம்ஸ்டாம்ப் வகையில போடுங்க, அவ்ளோ தான்.

படி 3: சிவப்பு எரர் வந்தா பயப்படாதீங்க

ஊர் == "நாகலூர்", வகை == "பழம்"னு சமம் மட்டும் கேட்டா தானா வேல செய்யும். அதோட தேதி >= போன திங்கள்னு சேத்தீங்கன்னா காம்போசிட் இண்டெக்ஸ் (பல ஃபீல்ட சேத்து அடுக்குற இண்டெக்ஸ்) வேணும்னு எரர் அடிக்கும். அந்த எரர்லயே ஒரு லிங்க் இருக்கும், அத அமுக்கி இண்டெக்ஸ் உருவாக்கிட்டு கொஞ்ச நேரம் பொறுங்க. இன்னொன்னு, பழைய வீடியோ பல இடத்துல ஒரே ஃபீல்டுல தான் பெருசு சிறுசு கேக்க முடியும்னு சொல்வாங்க. 2024லேருந்து ஒரே குவெரில, அதாவது ஒரே கேள்வில, பல ஃபீல்டுல கேக்கலாம், தேதியும் கிலோவும் சேத்து கேட்டா வரும்.

படி 4: இல்லாத ஃபீல்டு, இது தான் ஆபத்து

எரர் வந்தா சரி பண்ணிக்கலாம், எரரே வராம தப்பா காட்டுறது தான் மோசம். பட்டுவாடா நாள்ல நிலை != "ஆச்சு"ன்னு (பணம் குடுத்து ஆச்சுன்னு இல்லாததெல்லாம்) ஃபில்டர் போட்டு லிஸ்ட் எடுத்துக் குடுத்தேன். சாயங்காலம் செம்மநத்தத்துலேருந்து ஒரு ஆயா வந்தாங்க, முந்தானை முடிச்ச அவுத்து நாலா மடிச்ச சீட்ட நீட்டினாங்க, 38 கிலோ பழம், மாமா கையெழுத்து இருக்கு. லிஸ்ட்ல அவங்க பேரு இல்ல. "எம்பேர விட்டுட்டீங்களா தம்பி?"ன்னு கேட்டாங்க. மாமா சீட்ட பாத்து உடனே பணம் குடுத்துட்டாரு, எனக்குத் தான் அன்னைக்கு தூக்கமே இல்ல.

காரணம் இது தான். ஆரம்பத்துல ரெண்டு வாரம் போட்ட சீட்டுல நிலைங்கற ஃபீல்டே நான் வைக்கல. ஃபீல்டு இல்லன்னா அந்த ஃபீல்டோட இண்டெக்ஸ்ல டாக்குமெண்ட் இருக்காது, இண்டெக்ஸ்ல இல்லாதது != கேட்டாலும் வராது, அந்த ஃபீல்டுல ஆர்டர்பை போட்டு வரிசைப்படுத்தினாலும் வராது. அதனால சீட்டு போடும்போதே நிலை = "பாக்கி"ன்னு எழுதிடுங்க, பழசையெல்லாம் ஒரு ஸ்கிரிப்ட் ஓட்டி நிரப்பிடுங்க, அப்புறம் நிலை == "பாக்கி"ன்னு நேராவே கேளுங்க.

படி 5: 30ங்கற கணக்கு

பல ஊர ஒன்னா கேக்க "இன்" ஃபில்டர் இருக்கு, 30 மதிப்பு வரைக்கும் குடுக்கலாம். ஆனா ரெண்டு "இன்" சேத்தா பெருக்கிப் பாக்கணும்: 12 ஊர், 3 வகைன்னா 36, எரர் வந்துடும். வகைய தனித்தனியா மூணு குவெரியா பிரிச்சுக்கோங்க. வேண்டாததத் தள்ளுற "நாட்-இன்"க்கு 10 தான், அதோட != சேக்கவும் முடியாது.

படி 6: பேர் தேடுறது

நடுவுல எங்க இருந்தாலும் தேடுற வசதி சாதாரண ஃபில்டர்ல இல்ல. முதல் எழுத்துகள வச்சு தேடலாம்: பேர் >= "பொன்", கூடவே பேர் < "பொன்" கடைசில யூனிகோட் எஃப்8எஃப்எஃப் எழுத்த (தமிழ் எழுத்து எல்லாத்துக்கும் பின்னாடி வர்றது) ஒட்டினது. இதுல தமிழுக்குன்னே ஒரு சிக்கல் இருக்கு, இத யாரும் சொல்லித் தர்றதில்ல. "பொ"வுல இருக்கற ஒகரக் குறி ஒரே யூனிகோட் குறியாவும் இருக்கலாம், ஒத்தக்கொம்பும் காலும் ரெண்டு குறியா சேந்தும் இருக்கலாம். கண்ணுக்கு ஒன்னு தான், ஃபயர்ஸ்டோருக்கு ரெண்டும் வேற வேற. சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி முறைல நார்மலைஸ் பண்ணிடுங்க, அதாவது ரெண்டு குறியா இருக்கறத ஒரே குறியா மாத்திடுங்க.

படி 7: எண்ணிப் பாருங்க

எத்தன சீட்டுன்னு எண்ணிக்கைய மட்டும் குடுக்கற கவுண்ட் குவெரி மூணு ஓட்டுங்க: மொத்த சீட்டு, நிலை == "பாக்கி", நிலை == "ஆச்சு". பின்னாடி ரெண்டையும் கூட்டினா மொத்தம் வரணும். இலவசத்துல ஒரு நாளைக்கு 50,000 ரீட் (ஒரு டாக்குமெண்ட் படிச்சா ஒரு ரீட்) தான்னு யோசிக்காதீங்க, கவுண்ட்ல 1000 இண்டெக்ஸ் பதிவுக்கு ஒரு ரீட் கணக்கு தான் ஆகும். ஆயா வந்துட்டு போன ராத்திரி நான் ஓட்டினப்ப மொத்தம் 412, பாக்கி 24, ஆச்சு 371, ஆக 17 சீட்டு எதுலயும் இல்ல. அந்த 17ஐயும் பிரிண்ட் எடுத்து மறுநாள் காலைல முதல் பஸ்ல மாமாகிட்ட கொண்டு போனேன், ஊர் ஊரா ஆள் அனுப்பி மூணு நாள்ல குடுத்து முடிச்சாரு. இப்ப இந்த மூணு எண்ணும் ஆப்போட முதல் பக்கத்துலயே இருக்கு, கூட்டல் தப்பினா சிவப்பா காட்டும்.